ஆறுக்கு அப்புறம்

ஸ்பாஞ்ச் நெற்றியில் பட்டதும் குளிர்ந்தது. ஜிங்க் பொடியைப் பன்னீரில் குழைத்துப் போட்டால் அப்படித்தான், முதலில் குளிரும், அப்புறம் இழுக்கும், காய்ந்தபிறகு முகத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும். "வாயை அசைக்காத மைனா, வெடிப்பு விழுந்துரும்," என்றான் கிதியோன். அசைக்கவில்லை அண்ணே. அசைக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை, சொன்னால் அசையும். எங்கள் பல்கலைக்கழக மைம் மன்றத்தில் இது சட்டம்: எல்லார் முகத்துக்கும் தலைவன்தான் வெள்ளை பூசுவான், பூசியது காயும்வரை எவனும் வாய் திறக்கக்கூடாது, எதையாவது கேட்டால் ஒரு சிமிட்டு ஆமா, இரண்டு சிமிட்டு இல்லை. மணி பன்னிரண்டரை. இரண்டு மணிக்கு மேடை. ஆடிட்டோரியத்தில் எவனோ செக் செக் என்று சளி கட்டிய தொண்டையோடு மைக்கைச் சோதித்துக்கொண்டிருக்கிறான், செக்ங், செக்ங், அவன் குரலைச் சளி உள்பட எடுத்தாகிவிட்டது, மனசுக்குள். ஒப்பனை அறை என்று எங்களுக்குக் கொடுத்திருப்பது விலங்கியல் ஆய்வகம். பார்மலின் வாடை கண்ணைக் கரிக்கிறது. அலமாரியில் ஒரு குடுவைக்குள் கட்டுவிரியன் ஒன்று மூன்று சுற்றுச் சுற்றிக் கிடக்கிறது, அதுவும் மன்றத்து உறுப்பினர்தான், சேர்ந்த நாளிலிருந்து வாயே திறந்ததில்லை. ஜன்னலோரப் பெஞ்சில் ஏற்கெனவே வெள்ளை பூசிய நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து காய்ந்துகொண்டிருக்கிறார்கள், இட்லித் தட்டில் வைத்த மாதிரி. அடுத்தது நான். கடைசியாகத் தலைவன் கிதியோன் தன் முகத்துக்குத் தானே போட்டுக்கொள்வான், அதுவும் சட்டம். இப்போது என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவன் முகம். மூன்று வாரமாகத் தூங்காத கண். கீழ் இமை இரண்டும் முருங்கை விதை மாதிரி வீங்கி. இவன் தூங்காததற்குக் காரணம் இவன் தொண்டை என்று இவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இல்லை அண்ணே, என் தொண்டை. இதைச் சிமிட்டிச் சொல்ல நம் பாஷையில் வார்த்தை கிடையாது.

எனக்குள்ளே சொல்லிக்கொண்டால் வெடிப்பு விழாது, சொல்லிக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு கல்லூரிப் போட்டி. எங்கள் நாடகத்துக்குப் பெயர் கிணறு, பதினோரு நிமிஷம், ஒரு சொல் கிடையாது. உடம்புகளாலேயே கிணறு கட்டுவோம். கிதியோன் கப்பி, நான் அவனை ஒட்டி நிற்கிற கயிறு. முத்துப்பேச்சி வாளி. இரண்டாம் வருஷத் தாவரவியல், முப்பத்தெட்டுக் கிலோ, பேச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு ஊமை நாடகத்துக்கு வந்த ஒரே ஜீவன். அவள் எங்கள் இரண்டு பேர் தோள்மேல் ஏறி நின்று பின்பக்கமாக அப்படியே சாய்வாள், திரும்பிப் பார்க்கவே மாட்டாள், கீழே நாலு பேர் கைகோத்து ஏந்துவார்கள். அந்த நாலு பேரும் அதுவரைக்கும் கல் மாதிரி வேறு பக்கம் பார்த்து நிற்க வேண்டும், அதுதான் அழகு, பார்க்கிறவன் ஐயோ என்று எழும்பும்போது கல்லு நாலும் திரும்பிக் கையாகிவிடும். எப்போது திரும்புவது, எப்போது சாய்வது? கப்பி எண்ணும். உதடு அசையாமல், தொண்டைக்குழியிலிருந்து, மேடையில் இருக்கிற எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழில் கல் திரும்பும். எட்டில் பேச்சி சாய்வாள். அன்றைக்கு ஆறு வந்தது. ஆறுக்கு அப்புறம் எட்டு வந்தது. வந்தது, என்ன வந்தது, மழையா வருகிறதுக்கு? நான் சொன்னேன். கிதியோன் குரலில், கிதியோன் தொண்டைக்குழியில், அவன் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு நீளமான மூச்சு விடுவான், அந்த மூச்சுக்குள் புகுந்து எட்டு என்றேன். பேச்சி சாய்ந்தாள். எவ்வளவு நல்ல பெண், எட்டு என்றால் எட்டு. கல் நாலும் கல்லாகவே நின்றன. மேடைப் பலகையில் முழங்கை பட்ட சத்தம் இருக்கிறதே, பச்சை முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம் மாதிரி என்று சொல்லலாம், இல்லை, அதில் நார் இருக்கும், இது அவ்வளவு நார் இல்லாத சத்தம், கோன் ஐஸின் அடியைக் கடிக்கிற சத்தம். அதை என்னால் நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுக்க முடியும். இரண்டு நாள் குளியலறையில் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சரியாக வந்தது.

முழங்கையில் தகடு, ஸ்க்ரூ. "கை முழுசா நீளாதாம்ணே, டாக்டர் சொல்லிட்டாவ," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சி சொன்னாள், சிரித்துக்கொண்டே, அவளுக்கு ஏட்டம்மா ஆக வேண்டும், காலையில் நாலரைக்கு எழுந்து மைதானத்தில் ஓடுகிறவள், கை நீளாதவளைப் போலீசில் எடுப்பார்களா? விசிலாவது ஊதுவாள். இது நான் நினைத்தது. கேட்டால் எல்லாரும் காறித் துப்புவார்கள், அதனால்தான் இதை உள்ளே வைத்திருக்கிறேன், உள்ளே எல்லாம் கலகலவென்று இருக்கிறது. கட்டிலுக்கு இந்தப்பக்கம் கிதியோன் நின்றான், கையில் ஒரு சாத்துக்குடிப் பையை வைத்துக்கொண்டு, கொடுக்கத் தெரியாமல். "அண்ணே நீங்க எட்டுன்னீங்கள்லா, அதான் விட்டேன்," என்றாள் பேச்சி. குற்றம் சாட்டவில்லை. வீட்டுப்பாடத்தை ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். கிதியோனின் குரல்வளை ஒருதடவை ஏறி இறங்கியது, அது இறங்கிய விதத்தைக்கூட நான் குறித்துக்கொண்டேன். யாருக்கும் என் பக்கம் கண் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் ஊரறிந்த குரல் திருடன். போன வருஷம் விடுதி மைக்கில் அழகுநம்பி சார் குரலில், ஆங், அதாகப்பட்டது, மாணவச் செல்வங்களே, திங்கட்கிழமை விடுமுறை என்று அறிவித்து பாதி விடுதியை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டவன். சார்தான் வார்டன், சார்தான் மன்றத்துக்கும் பொறுப்பு, கூப்பிட்டு, "ஒனக்கு வாய் ஜாஸ்தியா இருக்கு, வாயே இல்லாத எடத்துல ஒன்னைப் போடுதேன் பாரு," என்று மைம் மன்றத்தில் தள்ளினார். தண்டனை. மீனைத் தண்டிக்க மரத்தில் ஏற்றியது போல. ஆனால் அந்த அறிவிப்பைச் செய்தது நான்தான் என்று அவர் கண்டுபிடிக்கவில்லை, நானே சொன்னேன், சாயங்காலமே, மெஸ்ஸில் மேசைமேல் ஏறி. அதுதான் என் ராசி. எதைச் செய்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். கைதட்டு இல்லாமல் என்னய்யா குறும்பு? அதனால்தான் அன்றைக்கு என்னை யாரும் தேடவில்லை. மைனா செய்திருந்தால் இந்நேரம் மைனாவே சொல்லி, நாலு பேர் சிரித்திருப்பார்களே. சிரிப்பு இல்லாத இடத்தில் என்னைத் தேட வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அதோடு நான் அழுதேன். என் சொந்த அழுகை இல்லை, எங்கள் ஒன்பதாம் வகுப்பு ஹெட்மாஸ்டர் சம்சாரம் செத்தபோது அழுதாரே, மூக்கு வழியாக, அது.

"கண்ணை மூடு," என்றான். மூடினேன். இமைமேல் அவன் விரல். இவன் விரல் எவ்வளவு மெல்லிசு, மேளக்காரன் மாதிரித் தட்டாமல் தொட்டுத் தொட்டு வைக்கிறான். கண்ணை மூடினால் குரல்கள் கூடிவிடும், எப்போதும் அப்படித்தான். ஒவ்வொரு குரலையும் மாட்டி வைக்க ஒரு ஆணி இருக்கிறது, அந்த ஆணியைக் கண்டுபிடித்தால் போதும், முழுச் சட்டையும் கையோடு வந்துவிடும். அழகுநம்பி சாருக்கு ஆணி அந்த ஆங். என் அப்பாவுக்கு வாக்கியம் முடிந்தபிறகு வருகிற மூச்சு. மெஸ் சேர்மக்கனி அக்காளின் புருஷன் குவைத்தில் இருக்கிறான், அவன் பேசுவதை ஒரே ஒரு தடவை ஸ்பீக்கரில் கேட்டேன், ஏ சேர்மா என்று 'மா'வை இழுப்பான், அதுதான் ஆணி. ஒருநாள் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஏ சேர்மா என்றேன். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள், வாசலுக்கு ஓடினாள், கேட் வரைக்கும் ஓடினாள், எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. திரும்பி வந்து, "சீ நாயே," என்றாள், அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக் கீழே கிடந்த கரண்டியை எடுத்தாள். அப்புறம், "இன்னொருக்கா கூப்புடுல," என்றாள். அன்றைக்கு எனக்கு இரண்டு ஆம்லெட். எதற்குச் சொல்லவந்தேன்? கிதியோனின் ஆணி. அவன் அம்மா நாசரேத்தில் தமிழ் டீச்சர், அதனால் இவன் நாக்கில் ழ இருக்கிறது, எங்கள் பக்கத்தில் எவன் வாயிலும் இல்லாத அளவுக்குச் சுத்தமான ழ, தேன் சொட்டுகிற மாதிரி, கேட்டாலே எனக்கு எரியும். மழை என்பான், நனையும். எனக்கு ழ வராது. ளதான் வரும். ஊர் முழுக்க அப்படித்தான் பேசுகிறது, எவனுக்கும் குறை இல்லை, ஆனால் குரல் எடுக்கிறவனுக்கு அது ஒரு பல் இல்லாத மாதிரி. மன்றத்தில் ஒருநாள் எல்லாரும் சூழ்ந்துகொண்டு அண்ணன் குரல் எடு, அண்ணன் குரல் எடு என்றார்கள். எடுத்தேன். "கிளக்கே போகும் மளை" என்று வந்தது. சிரித்தார்கள் பாருங்கள், என்னை வைத்து, என்னால் இல்லை, என்னை வைத்து. கிதியோனும் சிரித்தான், சிரித்துவிட்டு, "விடுங்கடே, அவனுக்கு வராததும் ஒண்ணு இருக்கட்டும்," என்றான். அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அப்புறம் மொட்டை மாடியில் தனியாக நின்று பழகினேன். ழ இல்லாத சொற்களில் அவன் குரல் எனக்கு அச்சாக வந்தது. ழ வரும் இடத்தில் மட்டும் குப்புற விழும். அதனால் ழ இருக்கிற சொல்லைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன், சாணியைத் தாண்டுகிற மாதிரி. ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு எட்டு. மாடியில் நூறு தடவை எண்ணியிருப்பேன். அப்படியென்றால் அன்றைக்கு நான் ஏழை வேண்டுமென்று விடவில்லை. கேட்டீர்களா, வேண்டுமென்று இல்லை. அவன் மூச்சுக்குள் புகுந்து ஒரே ஒரு எண்ணை நான் சொல்லிப் பார்க்க நினைத்தேன், பதினோரு நிமிஷம் வாய் மூடி நிற்கிற மைனாவுக்குத் தொண்டை அரிக்காதா, ஒரே ஒரு எண்ணு, எவனுக்கும் தெரியாது, அடுத்த எண்ணு ஏழு, ஏழு எனக்கு வராது, நாக்கு பழகின பாதையில் தாண்டிவிட்டது. அவ்வளவுதான். ஆனால் தாண்டும்போது எனக்குத் தெரிந்திருந்தது. நாக்குக்கும் எட்டுக்கும் நடுவில் அரை நொடி இருந்தது. அந்த அரை நொடியில் நான் பேச்சியின் குதிகாலைப் பார்த்தேன், வெள்ளைச் சாக்ஸில் ஒரு பொத்தல், பொத்தலுக்குள் ஒரு பொட்டு கறுப்பு. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"திற," என்றான். திறந்தேன். கன்னத்தில் இருந்து கழுத்துக்கு இறங்கியிருந்தான். "சார் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்காரு," என்றான், "ஆண்டறிக்கைல போட. மன்றத் தலைவரா இருந்ததுல என்ன கத்துக்கிட்டேன்னு. தலைமைப் பண்பும் குழு உணர்வும். எழுதிட்டேன். சொல்லுதேன் கேளு. தப்பா இருந்தா சிமிட்டு." ஆங், அதாகப்பட்டது, எறும்புகளைப் பாருங்கள், எறும்புக்கு யார் கேப்டன்? அழகுநம்பி சார் இந்தத் தலைப்பைக் கொடுக்கும்போது இதைத்தான் சொல்லியிருப்பார், எல்லாக் கூட்டத்திலும் எறும்பு, எல்லா எறும்பும் ஒற்றுமை. கிதியோன் தொண்டையைச் செருமவில்லை. மூன்று வாரமாகச் செருமுவதில்லை, சத்தமாகப் பேசுவதும் இல்லை, தொண்டையைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்கு நிற்பதையும் விட்டுவிட்டானாம், கடைசிப் பெஞ்சில் போய் உட்காருகிறானாம். "தலைவன் முன்னால் நடப்பவன் இல்லை," என்றான், எழுத்துத் தமிழில், ழவெல்லாம் போட்டு, "எல்லாரும் தாளம் தப்பாமல் இருக்க, பின்னால் நின்று எண்ணுகிறவன். குழு என்பது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நம்புவது. எங்கள் மன்றத்தில் விழுகிறவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஏந்துகிறவர்களும் பார்க்கமாட்டார்கள். நடுவில் இருப்பது ஒரு குரல் மட்டும்." நிறுத்தினான். நல்லா இருக்கா என்று கண்ணால் கேட்டான். ஒரு தடவை சிமிட்டினேன். நல்லாத்தான் இருக்கு, ஆமென், அல்லேலூயா. "குழு தப்பு செய்தால் அது தலைவனுடைய தப்பு. தலைவன் தப்பு செய்தால் அது குழுவுடைய தப்பு இல்லை." அடடா. எனக்காக இதைவிட வசதியான ஒரு வாக்கியத்தை யாரும் எழுதியதில்லை. இதைப் பத்து பிரதி எடுத்து என் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வேன். உள்ளே சிரிப்பு குமிழ் குமிழாக வருகிறது, சோடா குடித்த மாதிரி, கன்னத்து வெள்ளை இழுத்துப் பிடிக்கிறது, விடாதே விடாதே. அது சரி, இவன் ஏன் என்னிடம் இதைச் சொல்கிறான்? நாலு பேர் அங்கே இருக்கிறார்கள். செண்பகராமன் இருக்கிறான், அந்த நாலு கல்லில் மூத்த கல், கிதியோனின் அறைத்தோழன், நம்பிக்கையான முட்டாள், மூன்று வாரமாக இவன் சாப்பிட்டானா என்று பார்த்துக்கொண்டிருப்பவன். அவனிடம் சொல்லலாமே. என்னிடம் ஏன்? வாய் திறக்க முடியாதவனிடம் ஏன்? தெரிந்துவிட்டதோ? தெரிந்து, விரலால் கழுத்தைத் தடவிக்கொண்டே, இந்தக் கழுத்தை, இந்தத் தொண்டையை, இப்போது அவன் கட்டைவிரல் சரியாக என் தொண்டைக்குழிமேல்.

கட்டைவிரலை எடுத்தான். ஸ்பாஞ்சைக் கிண்ணத்தில் போட்டான். குனிந்து, பெஞ்சில் இருக்கிற நாலு பேருக்குக் கேட்காத மாதிரி, "மைனா, ஒண்ணு கேக்கணும்," என்றான். "இவனுங்க எல்லாரும் எனக்காகப் பொய் சொல்லுதானுவ. நீங்க சரியாத்தான் எண்ணினீங்கண்ணே, பேச்சிதான் அவசரப்பட்டுட்டாள்னு. செண்பகராமன் பைபிள் மேல கைவச்சுச் சொன்னான், அவன் கோயிலுக்குப் போறவன்கூட இல்ல. எனக்கே தெரியல. ஏழுன்னு நான் உள்ளே எடுத்துட்டேன், நாக்குல இருந்துச்சு, அதுக்குள்ள எட்டுன்னு கேட்டுச்சு. என் குரல். ஆனா நான் சொன்ன மாதிரி இல்ல. அது எப்படிடே? ராத்திரி படுத்தா அதையே ஓட்டிப் பாக்கேன். பைத்தியம் பிடிச்சிருமோன்னு இருக்கு. நீதான் எனக்கு ஒட்டி நின்ன. குரல்னா உனக்குத் தெரியும், உன் காதை விட நல்ல காது இங்க யாருக்கும் இல்ல. அன்னைக்கு எட்டுன்னு சொன்னது என் குரல்தானா? உண்மையச் சொல்லு. எனக்காகப் பொய் சொல்லாத." இரண்டு கண்ணையும் என் கண்ணுக்குள் விட்டான். ஆடிட்டோரியத்தில் செக்ங் செக்ங் நின்றுவிட்டது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதடவை டிக் என்கிறது. இவன் எதைக் கேட்கிறான் தெரியுமா, இல்லை என்று சொல்லு என்று கேட்கிறான், இரண்டு சிமிட்டு, வெறும் இரண்டு, அதைச் சிமிட்டினால் இவன் இன்றைக்கு மத்தியானம் சாப்பிடுவான், தூங்குவான், ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று பாடுவான். அப்புறம் யார் குரல் என்று தேடுவான். மறுபடி என் கண்ணுக்குத்தான் வருவான். ஒரு சிமிட்டு சிமிட்டினால்? அதுவும் பொய் இல்லையே. கேள்வியைப் பாருங்கள், சொன்னது நீயா என்றா கேட்டான், என் குரல்தானா என்று கேட்டான். அவன் குரல்தான். அச்சு அசல் அவன் குரல், பிசிறு இல்லாமல் நான் செய்தது, வேறு எந்தத் தொண்டையிலும் அப்படி வராது. முதல் தடவையாக என் வேலைக்கு ஒருவன் சான்றிதழ் கேட்கிறான், அதுவும் குரலுக்குச் சொந்தக்காரன். சிமிட்டினேன். ஒரு தடவை. கண்ணைத் திறந்துகொண்டே இருந்தேன், எரிந்தது, இரண்டாவது சிமிட்டு இமைக்கு அடியில் வந்து நின்று முட்டியது, விடவில்லை, பார்மலினோ என்னவோ தண்ணீர் கோத்துக்கொண்டது.

கிதியோன் நிமிர்ந்தான். முகத்தில் ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது, அழுவான் என்று நினைத்தேன், ஆணியைப் பிடிக்கத் தயாராக இருந்தேன். அழவில்லை. என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். "நன்றிடே," என்றான். "நீ ஒருத்தன்தான் உண்மை சொன்ன." கையைத் துணியில் துடைத்தான். பெஞ்சைப் பார்த்து, இப்போது கொஞ்சம் சத்தமாக, "இன்னைக்கு மைனா எண்ணுவான். இனிமேலும் அவன்தான். நான் மேடைக்கு வரல. சார்ட்ட சொல்லிட்டேன்," என்றான். நாலு வெள்ளை முகமும் அசையாமல் பார்த்தன, அசைந்தால் வெடிக்கும். நான் தலைவன். பாருங்களேன். தண்டனைக்கு வந்தவன் தலைவன், ஆங், அதாகப்பட்டது, மாணவச் செல்வங்களே. "பேச்சியோட அப்பா வெளிய நிக்காரு," என்று கிதியோன் எனக்கு மட்டும் சொன்னான். "அவளால பஸ்ல கம்பியப் பிடிக்க முடியாதுன்னு கூட வந்திருக்காரு. மூணு வாரமா அவர் மூஞ்சில முழிக்கல நான். என் தப்பா இல்லையானு தெரியாம எப்படி மன்னிப்புக் கேக்க? இப்பத் தெரிஞ்சுபோச்சுல்லா." போய்விட்டான். தன் முகத்துக்கு வெள்ளை போடாமலே போனான். ஆய்வகக் கதவு பாதி சாத்தியிருந்தது, அதன் தூசி பிடித்த கண்ணாடி வழியாக ஒரு வெள்ளை வேட்டியும் சிவப்புத் துண்டும் தெரிந்தது, சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் என்று பேச்சி சொல்லியிருக்கிறாள், கிட்டே போனால் பிச்சிப்பூ வாடை அடிக்குமாம். கிதியோன் அவர் முன்னால் நின்றான்.  அப்புறம், மூன்று வாரமாகப் பூட்டி வைத்திருந்த அந்தக் குரல், முழுசாக, "நான்தான்யா. நான்தான் தப்பா எண்ணுனேன்," என்றது. ஐயோ என்ன குரல் அது. 'நா'வில் தொடங்கி நடுவில் தண்ணீருக்குள் முங்கி மறுபக்கம் எழும்புகிறது. இது புதிசு, இந்த இடம் எனக்குத் தெரியாது, மாடியில் நூறு தடவை எண்ணியும் இந்த இடத்துக்கு நான் போனதில்லை. "எந்திரி தம்பி, காலைத் தொடாத, எந்திரிய்யா," என்று அந்த மனுஷர் பதறுகிறார். அதைக் கேட்க எனக்கு நேரமில்லை, அந்த 'நான்தான்' போய்விடும், இப்போதே பிடிக்காவிட்டால் போய்விடும், காய்ந்திருக்கிறதா, காய்ந்துவிட்டது, உதடு திறந்தது, மூக்கோரத்தில் வெள்ளை சடக்கென்று வெடித்தது, "நான்தான்," என்றேன். வந்துவிட்டது. முங்கினது, எழும்பினது, எல்லாம். ஆய்வகம் முழுக்கக் கேட்டது. உடம்பெல்லாம் தித்திப்பு ஓடியது.

பெஞ்சில் நாலு முகமும் கதவைப் பார்க்கத் திரும்பின, அந்தக் குரலுக்குத் திரும்பிப் பழகின முகங்கள். கதவுக்கு வெளியே கிதியோன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், அது வேறு வாக்கியம், ஆஸ்பத்திரிச் செலவு என்று என்னவோ. நாலும் கதவிலிருந்து மெதுவாக என் பக்கம் வந்தன. சிரிப்பானுவ என்று பார்த்தேன். இப்போ சிரிப்பானுவ, சூப்பர்லே மைனா என்பானுவ, எத்தனை நாள் மறைச்சு வச்சிருந்த திருட்டுப்பயலே என்று ஒருத்தன் ஸ்பாஞ்சை எடுத்து எறிவான். செண்பகராமன் எழுந்தான். பெஞ்சு தரையில் கிறீச்சிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு அடி வைத்தான், அப்புறம் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தான். "ஏலே செண்பகம், எங்க போற? சும்மா எடுத்துப் பாத்தேன்லே, சும்மா," என்றேன், என் குரலில், என் குரல் இவ்வளவு கீச்சென்றா இருக்கும். அவன் நிற்கவில்லை. அழகுநம்பி சார் குரல் எடுத்தால் நிற்பானா, மாட்டான். எவன் குரலுக்கு நிற்பான் என்று எனக்குத் தெரியும். செண்பகம், உக்காரு, என்று அந்தக் குரலில் ஒரு வார்த்தை, ழகூட இல்லை அதில், சொன்னால் அந்த இடத்திலேயே கல்லாகிவிடுவான், மூன்று வருஷப் பழக்கம். தொண்டையில் தயாராக நிற்கிறது, முழுசாக, சூடாக. சொன்னால் நின்றுவிடுவான். சொன்னால், நின்று, திரும்பி, மிச்சம் இருக்கிற மூன்று பேரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, அந்த எட்டும் நீதானா என்று கேட்பான், எல்லாம் முடிந்தது. சொல்லாவிட்டால் கதவுக்கு இன்னும் மூன்று அடி. வாயைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன். வெள்ளை துண்டு துண்டாக மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது. செண்பகராமன் கதவைத் திறந்து, "அண்ணே," என்றான்.